கரண்ட் அக்காவும் பதினாறு துளைச் சாக்கெட்டும்

மார்ச்சு மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை விடியலில் ஓய்ந்து, காலை உணவு முடிவதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. பட்டறை வாசலில் தேங்கியிருந்த நீரிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. தகரக் கூரை வேறு தன் பங்குக்குச் சூட்டை இறக்கியது. அப்படிப்பட்ட நாளில் கழுத்தைச் சுற்றிப் பஞ்சுப் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவருக்கும் இன்பம் தரக்கூடியதன்று. கரண்ட் அக்காவுக்கு அது தண்டனையாகவே இருந்தது.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. அதை மின்கட்டண அட்டையில் காணலாம். வேறெங்கும் காண முடியாது. அந்தத் தெருவில் மட்டுமன்றி, அதற்கப்பால் லாரிகள் நிற்கும் மைதானம் வரைக்கும் அவர் கரண்ட் அக்காதான். விளக்கு எரியாத கார், ஹாரன் ஓயாத வேன், சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஓர் ஓசையோடு மூச்சை அடக்கிக்கொள்ளும் லாரி ஆகிய எல்லாம் அவரிடந்தான் வரும். வந்த வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துப் படுத்தே கழுத்து பிடித்துக்கொண்டது. “திரும்பாதீங்க, குனியாதீங்க, அண்ணாந்து பாக்காதீங்க” என்று சொல்லி மருத்துவர் பட்டையைக் கட்டிவிட்டார். “அப்ப என்னதான் டாக்டர் செய்யலாம்?” என்று அக்கா கேட்டதற்கு, “நேரா பாக்கலாம்” என்று பதில் வந்தது.

வீட்டின் பின்புறம் இரண்டு கார்கள் நெருக்கி நிற்கக்கூடிய கொட்டகையே பட்டறை. அதன் நடுவே தரையில் மஞ்சள் கோடு ஒன்று உண்டு. கோட்டுக்கு ஒருபுறம் அவருடைய கணவர் இஞ்சின்காரரின் ஆட்சி: தரையில் எண்ணெய், சுவரில் எண்ணெய், நாட்காட்டியில் கிழிக்கப்படாத தாள்களிலெல்லாம் கட்டைவிரல் எண்ணெய். மறுபுறம் அக்காவின் ஆட்சி: வயர்த் துண்டுகள் நிறம் பிரித்துப் பால்மாவு டப்பாக்களில் அடுக்கப்பட்டிருக்கும், தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஒருமுறை இஞ்சின்காரர் அவசரத்துக்கு இரண்டு வயர்களை முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றி, வண்டியை அனுப்பிவிட்டார். அந்த முடிச்சு அக்காவின் கண்ணில் பட்டது. “வெட்டுப்பட்ட விரலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கு” என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே மஞ்சள் கோடு தோன்றியது. அதன்பின் இஞ்சின்காரர் இஞ்சினைத் தூக்குவார், பிரிப்பார், கோப்பார், வயரைத் தொடமாட்டார்.

இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கண்ட கதையும் கரண்ட்டில்தான் தொடங்குகிறது. மணமாவதற்கு முன் அக்கா, தையல் இயந்திர மோட்டார்களைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் செப்புக் கம்பி சுற்றும் வேலையில் இருந்தார். ஒரு நாள் இஞ்சின்காரர் எரிந்துபோன டைனமோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சரியாகிப் போயிற்று. அடுத்த வாரம் இன்னொரு டைனமோவைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பழுதும் இல்லை. மூன்றாம் முறை அவர் கொண்டுவந்தது புத்தம் புதியது, அட்டைப்பெட்டியைக்கூடப் பிரித்திருக்கவில்லை. “இதுல என்ன கோளாறு?” என்று அக்கா கேட்டார். “இனிமேதான் வரும்” என்றார் அவர்.

கணவரிடம் ஒரே ஒரு கோளாறு இருப்பதை அக்கா மணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார். இஞ்சின்காரருக்கு இடமும் வலமும் பிடிபடாது. கை தேர்ந்தவர், கண் தேர்ந்தவர். இஞ்சினின் முனகலைக் கேட்டே எந்த உருளையில் குறை என்று சொல்லக்கூடியவர். ஆயினும் ‘இடப்பக்கம் திரும்புங்கள்’ என்றால் நூற்றுக்கு நூறு வலப்பக்கம் திரும்புவார். ஒரு நாள் சரியாகவும் ஒரு நாள் தவறாகவும் செய்பவராக இருந்தால் எதுவும் செய்வதற்கில்லை. இவரோ தவறுவதில் தவறவே மாட்டார். ஆகவே அக்கா, சண்டைக்கும் சிரிப்புக்கும் இடங்கொடாமல், ஓர் எளிய வழியைக் கைக்கொண்டார். கணவர் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ‘இடது’ என்பார்; இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ‘வலது’ என்பார். சோற்றில் உப்புப் போடுவதைப் போல அது பழகிப்போயிற்று. தாய் தந்தையிடம் பேசியதைக் கேட்டு வளர்ந்த மகள், பள்ளிக்குச் சென்ற முதல் ஆண்டு முழுவதும் வரிசையில் எதிர்ப்பக்கம் திரும்பி நின்று வகுப்பைச் சிரிக்க வைத்தாள். காரணம் அக்காவுக்கு மட்டுமே தெரியும். இஞ்சின்காரர், “சின்ன வயசுல என்னை மாதிரியே இருக்கா” என்று உச்சி குளிர்ந்துபோனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டறையில் நின்ற கார் ‘கிளட்ச் டீச்சர்’ என்பவருடையது. கிளட்ச் டீச்சர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முப்பதைக் கடந்து சில ஆண்டுகளே ஆன பெண்மணி. ‘கிளட்ச்சை மெதுவா விடு’ என்று ஒரு நாளைக்கு அவர் சொல்வதை எண்ணினால் மூச்சு முட்டும். அவரிடம் இருந்தது அந்த ஒரே கார். பழைய கார்தான், ஆனால் பக்கத்து இருக்கையிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் என இரட்டைப் பெடல்கள் பொருத்தப்பட்ட கார். அதன் இஞ்சின் சென்ற மாதம் உயிரை விட்டது. பழைய இஞ்சினுக்கு உதிரிப் பாகம் தேடித் தேடி அலுத்த இஞ்சின்காரர், பின்பக்கம் நசுங்கிப்போன புதிய கார் ஒன்றிலிருந்து நல்ல இஞ்சினைக் கழற்றி, அதற்கு மூளையாக அமைந்த கணினிப் பெட்டியோடு சேர்த்து இதில் ஏற்றிவிட்டார். வண்டி பூனைபோல் ஓடியது.

ஓடினால் போதாது என்பதே சிக்கல். வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் நிலையத்தில், எந்த இஞ்சின் உள்ளதோ அந்த இஞ்சினுக்குரிய விதியே வண்டிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஆய்வாளர் தம் கருவியை வண்டியில் உள்ள சாக்கெட்டில் செருகுவார். இஞ்சினின் கணினி, ‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பழைய காரிலோ அப்படியொரு சாக்கெட்டே கிடையாது. அது செய்யப்பட்ட காலத்தில் கார்கள் எவரிடமும் பேசியதில்லை. அன்று மாலை நான்கு மணிக்குள் சான்று பெறாவிட்டால் அது பயிற்சி வண்டி என்னும் தகுதியை இழந்துவிடும். மறுபடி விண்ணப்பித்து முறை வருவதற்குள் டீச்சரின் மாணவர்கள் அனைவரும் கடைத்தெருவில் ஆறு கார்களோடு இயங்கும் பெரிய பள்ளிக்குப் போய்விடுவார்கள். போன மாணவர் எவரும் திரும்ப மாட்டார்.

ஆகவே சாக்கெட் வைத்தாக வேண்டும். அதில் பதினாறு துளைகள். எட்டு எட்டாக இரண்டு வரிசை. மேல் வரிசை சற்று அகலம், கீழ் வரிசை சற்றுக் குறுகல். பதினாறில் இந்த இஞ்சினுக்குத் தேவைப்பட்டவை ஐந்தே. முன்னாலிருந்து பார்த்தால், மேல் வரிசையின் நடுவில் இரண்டு எர்த் வயர்கள். அவற்றையடுத்து வலப்புறமாக மேலொன்று கீழொன்று என இரண்டு தகவல் வயர்கள். கீழ் வரிசையின் வலக் கடைசியில் பேட்டரி வயர். அக்கா இவற்றையெல்லாம் முந்தைய வாரமே கணினிப் பெட்டியிலிருந்து இழுத்து, தகவல் வயர்கள் இரண்டையும் சடைபோல் பின்னி, ஈயம் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் உறை ஏற்றி, ஓர் அங்குலங்கூட மிகாமல் அளந்து கட்டிவைத்திருந்தார். சாக்கெட்டும் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தபடி டேஷ்போர்டுக்கு அடியில் திருகி வைக்கப்பட்டிருந்தது. வயர்களின் டெர்மினல் எனப்படும் உலோக முனைகளைப் பின்னாலிருந்து துளைகளில் செருகுவது ஒன்றே பாக்கி. அந்நிலையில் கழுத்து பிடித்துக்கொண்டது.

“நான் படுக்குறேன்” என்றார் இஞ்சின்காரர்.

அக்கா அவரை நேராகப் பார்த்தார். வேறு விதமாகப் பார்க்க அவரால் இயலாது.

“வயரு, ஏங்க. ஸ்பேனர் இல்ல.”

“தெரியுது. நீ சொல்லு, நான் செருகுறேன். நீ மூளை, நான் கை.”

“உங்க கை அந்த இடுக்குல நுழையுமா?”

“நுழையலைன்னா வெளிய இழுத்துக்கலாம். கைதானே, இஞ்சின் இல்லையே.”

கிளட்ச் டீச்சர் கைப்பையை மார்போடு அணைத்தபடி வாசலுக்கும் காருக்குமாக நடந்துகொண்டிருந்தார். “அக்கா, மணி பன்னிரண்டாகப் போகுது. அண்ணே கை நுழையாட்டி என் கையக் குடுக்குறேன்” என்றார். அக்காவுக்கு வேறு வழியில்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டி வர அனுமதி வழங்கினார்.

இஞ்சின்காரர் “ஒரு நிமிஷம்” என்று சொல்லித் தொலைபேசியோடு டப்பாக்கள் இருந்த மூலைக்குப் போய் ஏதோ செய்துவிட்டு வந்தார். சட்டையின் முழுக்கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டார். பின்பு பெடல்களுக்கு அப்பால் தலை போகுமாறு காரினுள் மல்லாந்து நுழைந்தார். இரட்டைப் பெடல்களின் இணைப்புத் தண்டு அவருடைய மூக்கை உரசியது. அவர் இருந்த நிலையில் சாக்கெட்டின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. கடைக்காரர் கொடுத்த சாக்கெட் மலிவானது. துளைகளுக்கு அருகில் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை.

அக்கா ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, எந்தத் துளையில் எந்த வயர் என்று காட்டும் படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டார். மனத்துக்குள் கணக்கு ஓடியது. படத்தில் பேட்டரி வயர் வலக் கடைசி. பின்னாலிருந்து பார்ப்பவருக்கு அது இடக் கடைசி. கணவரை இடக் கடைசிக்கு அனுப்பச் சொல்ல வேண்டிய சொல் ‘வலது’.

“சிவப்பு வயர். கீழ் வரிசை. வலது கடைசி” என்றார்.

“வலது கடைசி” என்று உள்ளிருந்து குரல் வந்தது. சட்டைக் கையை விலக்கும் சரசரப்பு கேட்டது. பின்பு ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். “உக்காந்துடுச்சு.”

அவ்வாறே ஐந்து வயர்களும் உட்கார்ந்தன. இஞ்சின்காரர் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. எதையும் கீழே போடவில்லை. அக்காவுக்கே வியப்பாக இருந்தது. ஆய்வாளருடையதைப் போன்ற தம் ஸ்கேனர் கருவியை எடுத்து, கையால் தடவிப் பார்த்துச் சாக்கெட்டில் செருகினார். பேட்டரி வயரிலிருந்து கரண்ட் பெற்று, செருகிய மறுகணம் அதன் திரை ஒளிர வேண்டும். ஒளிரவில்லை.

கிளட்ச் டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. “அக்கா, அது தூங்குதா?”

“ஃப்யூஸா இருக்கும்” என்றார் அக்கா. ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தார். அது உயிரோடுதான் இருந்தது. “ஏங்க, டெஸ்ட் லாம்ப்பை வச்சுப் பாருங்க. கீழ் வரிசை, வலது கடைசி.”

“எரியுது.”

“நல்லா எரியுதா?”

“கண்ணு கூசுது.”

பேட்டரி வயர் சொன்ன இடத்தில் இருக்கிறது. அதில் கரண்ட்டும் இருக்கிறது. எர்த்தைச் சோதித்தார்கள், அதுவும் சரி. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் பொருந்தியது. கருவி மட்டும் கண் திறக்கவில்லை. அக்காவுக்குத் தம் கண்ணாலேயே பார்த்தாலன்றி மனம் ஆறாது. குனிய முடியாதவர் எப்படிப் பார்ப்பது? கிளட்ச் டீச்சரின் கைப்பையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருந்தது. அதை அவர் அக்காவின் முழங்காலுக்கு மேலே சாய்த்துப் பிடித்தார். சாக்கெட்டின் முகம் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. கீழ் வரிசையின் வலக் கடைசித் துளையில் டெர்மினல் மின்னியது. மேல் வரிசையின் நடுவில் இரண்டு. அவற்றுக்கு வலப்புறம் மேலொன்று, கீழொன்று. கையிலிருந்த படத்துக்கு அணுவளவும் வேறுபாடு இல்லை.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றார் அக்கா. எங்கேயாவது ஒன்று தவறாக இருந்தால் திருத்திவிடலாம். எல்லாம் சரியாக இருந்து வேலை நடக்கவில்லையென்றால் எதைத் திருத்துவது?

“ஸ்கேனர்தான் போயிடுச்சு” என்று தீர்ப்பளித்தார் இஞ்சின்காரர். ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்ற பால் வேனுக்கு ஓடினார்கள். வேன்காரர் ஏன், எதற்கு என்று கேட்பதற்குள் சாக்கெட்டில் செருகினார்கள். திரை நிலவைப்போல் ஒளிர்ந்தது. கூடவே, வேனின் இஞ்சினில் காற்றை அளக்கும் சென்சார் அழுக்காக இருப்பதையும் அறிவித்தது.

“இது எங்க வண்டியப் பத்தியா சொல்லுது?” என்றார் பால் வேன்காரர்.

“ஆமா. அப்புறம் வாங்க” என்றார் அக்கா.

“நல்லாத்தானேம்மா ஓடிட்டு இருந்துச்சு. நீங்க கண்டுபிடிச்சதும் எனக்கே இப்பச் சத்தம் கேக்குற மாதிரி இருக்கு.”

ஆகவே ஸ்கேனர் நன்றாக இருக்கிறது, குறை நம்மிடந்தான். மணி ஒன்றரை. சோதனை நிலையத்துக்குப் போய்ச்சேரவே நல்ல நேரம் பிடிக்கும். கிளட்ச் டீச்சரின் தொலைபேசி ஒலித்தது. எடுத்துப் பேசிவிட்டு வைத்தார். “நாளைக்குக் காலையில வகுப்பு உண்டா, இல்ல அந்தப் பெரிய ஸ்கூல்ல சேர்ந்துக்கவான்னு ஒருத்தர் கேக்குறாரு. சாயங்காலம் சொல்றேன்னுட்டேன்” என்றார். குரலை இயல்பாக வைத்துக்கொள்ள அவர் எடுத்த முயற்சி அக்காவின் காதுக்குத் தப்பவில்லை. “கவலைப்படாதீங்க அக்கா. என்ன, கார் போனா நான் மாட்டு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்குறேன். அதுக்குக் கிளட்ச் கிடையாது.”

அக்கா சிரிக்கவில்லை. கணினிப் பெட்டியைத் திறந்து தலையிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்று எண்ணினார். அதற்கு அந்தப் பிற்பகல் போதாது என்பதும் அவருக்குத் தெரியும்.

“முதல்ல டீயைக் குடி. வெறும் வயித்துல யோசிச்சா வயரெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும்” என்று சொல்லி இஞ்சின்காரர் மூன்று டம்ளர்களை நிரப்பினார். வியர்வை வழிந்ததால் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, அக்காவுக்கு டம்ளரை நீட்டினார். நீட்டிய கையின் மணிக்கட்டில் சிவப்பு இன்சுலேஷன் டேப் காப்புப் போலச் சுற்றியிருந்தது.

“கையில என்ன அது? வெட்டிக்கிட்டீங்களா?”

“ஒண்ணுமில்ல” என்று கையைப் பின்னால் இழுத்தார்.

“ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு டேப்பு? அதுவும் என் டப்பாவுல இருந்த டேப்பு.”

இஞ்சின்காரர் டீயை ஊதினார், ஆறியபின்னும் ஊதினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “உனக்குக் குனிய முடியல. இந்தப் பொண்ணுக்கு இன்னைக்கு விட்டா நாளு இல்ல. வயர் விஷயத்துல என்னால ஒரு தப்பு வரக் கூடாதுன்னு நெனச்சேன். முன்னே எனக்கு இடது வலது தகராறாச்சே, மறுபடி வந்துடப் போகுதுன்னு பயம். அதான் மகளுக்கு ஃபோன் போட்டு, சாப்பிடுற கை வலது, மத்தது இடதுன்னு உறுதி பண்ணிக்கிட்டு, இடது கையில டேப்பைச் சுத்திக்கிட்டேன். நீ ஒவ்வொண்ணு சொல்லும்போதும் டேப்பைப் பாத்துப் பாத்துதான் செருகினேன். நீ வலதுன்னு சொன்னா வலதுலதான் வச்சேன். ஒண்ணுகூட மாறல.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒண்ணுகூட மாறலையா?”

“சத்தியமா மாறல.”

முதலில் அவருடைய தோள்கள் குலுங்கின. பின்பு பஞ்சுப் பட்டைக்கு மேலே முகம் சிவந்தது. அவர் சிரிக்கிறாரா, அழுகிறாரா, கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டதா என்று தெரியாமல் கணவரும் டீச்சரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். “ஐயோ, வலிக்குதே, சிரிக்க வைக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே அக்கா மேலும் சிரித்தார். மூச்சு வந்ததும், மணமான நாளிலிருந்து தாம் எவரிடமும் சொல்லாத உண்மையைச் சொன்னார்.

இஞ்சின்காரர் பக்கத்திலிருந்த எண்ணெய்ப் பீப்பாயின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப இத்தனை வருஷமா நீ தப்புத் தப்பாவா சொல்லிட்டு இருந்தே?”

“நான் தப்பாச் சொன்னதாலதான் நீங்க சரியாப் போனீங்க.”

“நான் சரியாயிட்டேன்னு இல்ல நெனச்சேன். கல்யாணத்துக்கு முன்னாடி வழி தெரியாம அலைவேன். உன்னைக் கட்டிக்கிட்டதும் தெளிஞ்சிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே.”

“தெளிஞ்சது உண்மைதானே. யாராலன்னுதான் உங்களுக்குத் தெரியல.”

கிளட்ச் டீச்சருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. “அதெல்லாம் சரிக்கா. கண்ணாடியில பாத்தோமே, படத்துல இருந்த மாதிரியே இருந்துச்சே?”

அக்காவின் சிரிப்பு நின்றது. “கண்ணாடி இடவலத்தை மாத்தித்தானே காட்டும். மாறிக் கெடந்ததை அது மறுபடி மாத்தி, சரியா இருக்கிற மாதிரி காட்டிடுச்சு. அவரு பேர்ல ஒரு தப்பும் இல்ல. கண்ணாடியை நம்பினது நான்.”

“நானும்தான் பிடிச்சேன். கண்ணாடியைப் பாத்து ஓட்டு, கண்ணாடியைப் பாத்து ஓட்டுன்னு காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் சொல்லிட்டு” என்றார் டீச்சர்.

இஞ்சின்காரர் அதற்குள் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார். “அப்ப இன்னைக்கு நான் செஞ்சது சரி. நீ சொன்னதுதான் தப்பு.”

“ஆமாங்க. நீங்க சரியாச் செஞ்சதாலதான் கெட்டுச்சு.”

“இதை எழுதிக் குடுப்பியா?”

“முதல்ல உள்ள போய்ப் படுங்க.”

இந்த முறை அக்கா இடம், வலம் என்னும் இரண்டு சொற்களையும் பட்டறையிலிருந்தே விலக்கிவிட்டார். ஒரு பக்கத்தில் கதவு இருக்கிறது; மறுபக்கத்தில் கியர் இருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தாலும், பின்னாலிருந்து பார்த்தாலும், தலைகீழாகத் தொங்கிப் பார்த்தாலும் கதவு கதவுதான், கியர் கியர்தான். எந்தப் பக்கக் கடைசி என்று டீச்சரைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லி உறுதிசெய்துகொண்டார்.

உட்கார்ந்துவிட்ட டெர்மினலை வெளியே எடுப்பது, செருகுவதைக் காட்டிலும் கடினம். உள்ளே நகத்தைவிடச் சிறிய நாக்கு ஒன்று அதைப் பற்றிக்கொண்டிருக்கும். ஊசியால் அந்த நாக்கை அழுத்தியபடியே வயரைப் பின்னால் இழுக்க வேண்டும். பலமாக இழுத்தால் முனை பிய்ந்துவிடும். மிச்ச வயரோ ஓர் அங்குலமும் கிடையாது. அக்கா ஃப்யூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பெடல்களுக்கு நடுவிலிருந்து கணவரின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. “வாடா கண்ணு... பொறு பொறு... இழுக்க மாட்டேன், நீயா வா... வந்துட்டான்.” சங்கிலி கட்டி இஞ்சினை இறக்கும்போது சிங்கம்போல் கர்ஜிக்கும் குரல் அது. வயரைத் தொட இவரை ஏன் ஒருநாளும் விடவில்லை என்று அக்கா தம்மையே கேட்டுக்கொண்டார். உடனே அந்தப் பழைய டேப் முடிச்சு நினைவுக்கு வந்தது. கேள்வியை அங்கேயே விட்டுவிட்டார்.

“சிவப்பு. கீழ் வரிசை. கியர்ப் பக்கக் கடைசிலேருந்து கதவுப் பக்கக் கடைசிக்கு.”

“கதவுப் பக்கம்... உக்காந்துடுச்சு.”

தகவல் வயர்கள் இரண்டும் அவ்வாறே இடம் மாறி உட்கார்ந்தன; நடுவிலிருந்த எர்த் வயர்கள் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நடுவில்தான். அக்கா ஃப்யூஸைப் போட்டார், ஸ்கேனரைச் செருகினார், கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் விட்ட பெருமூச்சிலிருந்தே திரை ஒளிர்ந்துவிட்டதை அறிந்தார். சாவியைத் திருப்பியதும் இஞ்சினின் கணினி தன் எண்ணைச் சொன்னது. தண்ணீர் எவ்வளவு சூடு, சக்கரம் எவ்வளவு வேகம் என்றெல்லாம் சொன்னது. பழுது ஒன்றும் இல்லை என்றும் சொன்னது. காரினுள் மல்லாந்து கிடந்த இஞ்சின்காரர் அங்கிருந்தபடியே, “என்ன சொல்லுது?” என்றார்.

“நல்லா இருக்காம்.”

“அது தெரியும். நான்தானே இஞ்சினை ஏத்தினேன்” என்று சொல்லிக்கொண்டு எழுந்தவர், பெடல் தண்டில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

மூவரும் அதே காரில் புறப்பட்டார்கள். டீச்சர் ஓட்டினார். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்து இருக்கையில், கழுத்தைத் திருப்ப முடியாத அக்கா சிலைபோல் அமர்ந்திருந்தார். ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் அவருடைய கால் தானாக இரண்டாவது பிரேக்கின்மேல் ஏறியது. “அக்கா, காலை எடுங்க. ஓட்டத் தெரிஞ்சவளுக்கு நீங்க பிரேக் போடுறீங்க” என்று டீச்சர் கெஞ்சினார். பின்னிருக்கையில் இஞ்சின்காரர் நெற்றியைத் தடவியபடி வழி எதுவும் சொல்லாமல் அமைதியாக வந்தார். அவர் அவ்வளவு அமைதியாக வந்ததை அக்கா அதற்கு முன் கண்டதில்லை.

நிலையத்தின் வாயிற்கதவைக் காவலாளி பாதி சாத்திவிட்டிருந்தார். டீச்சர் ஹாரனை அடிக்கவில்லை. கதவின் மிச்ச இடைவெளியில், மாணவர்களுக்குக் காட்டும் பக்குவத்தோடு, காரை நூல் பிடித்தாற்போல் நுழைத்தார். காவலாளி வாயைத் திறந்தவர் திறந்தபடி வழிவிட்டார்.

ஆய்வாளர் இளைஞர். வண்டியின் வயதைப் பார்த்தார்; கையிலிருந்த கருவியைப் பார்த்தார். “இந்த வண்டியில இதை எங்க சார் சொருகுறது?” என்று இஞ்சின்காரரைக் கேட்டார்.

“டேஷ்போர்டுக்கு அடியில. கியர்ப் பக்கமாக் கையை விடுங்க” என்றார் இஞ்சின்காரர்.

ஆய்வாளர் கையை விட்டார், கருவி ஒளிர்ந்தது. அது படித்து முடிக்கும் வரைக்கும் டீச்சர் கைப்பையின் வாரைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தார். ஆய்வாளர் இஞ்சினை முடுக்கச் சொன்னார், புகையை அளந்தார், விளக்குகளைப் பார்த்தார், குனிந்து சாக்கெட்டை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. அறைக்குள் போனவர், முத்திரையிட்ட தாளோடு வெளியே வந்து அதை டீச்சரிடம் கொடுத்தார். பயிற்சி வண்டி என்னும் தகுதி அடுத்த ஆண்டு வரைக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது.

கிளட்ச் டீச்சர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். கைப்பையில் வைத்தார்; மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு, அழைப்பதற்கு முன் அக்காவைப் பார்த்தார். சான்று கையில் இருந்தும், வண்டியின் வயர்களைப் பற்றிய கடைசி வார்த்தை அக்காவிடமிருந்து வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“அக்கா, நாளைக்குக் காலையில வகுப்பு வைக்கலாமா?”

“வை” என்றார் கரண்ட் அக்கா.